வேலை நாள் 0 என்றால் வரிசையை மறை: செக்ரோல் தாளுக்கு மாக்ரோ எழுதும் முன்

தங்கச்சி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக்காரரின் ஆபீஸில் சம்பளக் கணக்கு பார்க்கிறீர்கள். 214 பேரின் செக்ரோல், அதாவது வருகை, சம்பளக் கணக்கு, ஒரே எக்செல் தாளில் இருக்கிறது. மாதக் கடைசியில், வேலை நாள் 0 உள்ளவர்களின் வரிசைகளை மறைத்துவிட்டு மீதியை அச்செடுக்க வேண்டும். அதற்கு ஒரு காணொளியைப் பார்த்து மாக்ரோ, அதாவது எக்செல் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, எழுதினீர்கள். அது சில நாள் பாதியில் ‘டைப் மிஸ்மேட்ச்’ என்று நிற்கிறது. ஓடி முடித்த நாளிலோ, அச்சுத் தாளில் உள்ளதைக் கால்குலேட்டரில் கூட்டினால் அடியில் இருக்கும் மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. இதெல்லாம் போதாதென்று, நேற்று ஓடிய மாக்ரோ இன்று முதலாளியின் கணினியில் அசையவே இல்லை. ‘அண்ணே, சரியான கோட் மட்டும் கொடுங்கள், போட்டுக்கொள்கிறேன்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோட் தருகிறேன், அது ஐந்து வரிதான். ஆனால் உங்கள் சிக்கலில் முக்கால்வாசி கோட்டில் இல்லை, ‘எந்த வரிசையை மறைக்கலாம்’ என்ற கேள்வியில்தான் இருக்கிறது. நான் பல வருடம் தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை பார்த்தவன், இப்போது ஊரில் நாலைந்து பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் மாக்ரோ கேட்பது ஒரே கேள்வி: எஃப் பத்தியில் இருக்கும் மதிப்பு 0ஆ? ஆம் என்றால் மறை. படிக்கும்போது இதில் தப்பே தெரியாது. ஆனால் எக்செல் மாக்ரோ மொழியான விபிஏவுக்கு ஒரு குணம் உண்டு, எதுவுமே எழுதாத வெற்றுக் கட்டத்தை 0 உடன் ஒப்பிட்டால் ‘ஆம், சமம்’ என்றுதான் பதில் சொல்லும். அதாவது ஆள் வேலைக்கு வரவில்லை என்று நீங்கள் தட்டிய 0உம், மண்டோரிடமிருந்து (வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடமிருந்து) கணக்கு இன்னும் வராததால் காலியாக விட்டிருக்கும் கட்டமும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் மறைத்துவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது செக்ரோல் இன்னும் பெரிய புத்தகம்தான், மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்கு ஒரு சுழி. பெரிய கிராணி முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தது, எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதே, சுழி போட்டால் விசாரித்தாகிவிட்டது என்று அர்த்தம், வெறுமனே கிடந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். காகிதத்தில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே தெரியும், எந்த வரிசையும் காணாமல் போகாது. எக்செலுக்கு மாறினபோது தாளை மாற்றினோம், இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவர மறந்துவிட்டோம்.

அதன் விளைவை ஒரு மாதம் நேரில் பார்த்தேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். வழக்கமாக உதிரிப் பழம் பொறுக்கும் இரண்டு அம்மாக்களை அந்த மாதம் நாற்றங்காலுக்கு மாற்றியிருந்தார்கள். அவர்களுடைய நாள் கணக்கு மட்டும் தனித் துண்டுச் சீட்டில் வர வேண்டியது, அது தாமதமானது. அவர்கள் கட்டம் இரண்டும் காலியாக இருக்க, முந்தின இரவே நான் பட்டனை அழுத்தி வரிசைகளை மறைத்து வைத்திருந்தேன். மறுநாள் காலை சீட்டு வந்தது, தாளில் தேடினால் அந்த இரண்டு பெயரும் கண்ணில் படவில்லை, சரி, நாற்றங்கால் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்போல என்று நினைத்துச் சீட்டை ஃபைலில் செருகிவிட்டேன். சம்பளத்தன்று இரண்டு பேரும் வரிசையில் நின்று கவுண்டர் வரைக்கும் வந்தார்கள், கையெழுத்துத் தாளில் பெயர் இல்லை. ஒருவர் கையில் பேரனின் பள்ளிப் பேருந்துக் கட்டண அட்டை இருந்தது, அன்றைக்குக் கட்டியாக வேண்டிய பணம். ‘என் பேரு இல்லியாய்யா?’ என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்று மாலைக்குள் பணம் கொடுத்துவிட்டோம் என்பது உண்மைதான், ஆனாலும் ஒரு மாதம் முழுக்க வெயிலில் நின்றவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை வந்திருக்கக்கூடாது. காரணம் ஒரே ஒரு வரி, நீங்கள் இப்போது எழுதியிருக்கும் அதே வரி.

அதனால் முதல் விதி, வெற்றுக் கட்டம் உள்ள வரிசை எந்தக் காரணத்துக்காகவும் மறையக்கூடாது.

இரண்டாவது, உங்கள் மொத்தம் ஏன் ஒத்துவரவில்லை என்பது. இதற்கும் வேர் அங்கேதான். வேலை நாள் 0 என்றால் சம்பளம் 0 என்று மாக்ரோ நம்புகிறது. நம் கணக்கில் அப்படி இல்லையே. பேறுகால விடுமுறையில் இருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் அந்த விடுமுறை 98 நாள், அதற்கு முன் 60 நாளாக இருந்தது. தகுதி உள்ளவருக்கு அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை. ஆக மூன்று மாதம் அவருடைய வேலை நாள் 0, சம்பளம் மட்டும் உண்டு. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கும் இதே நிலைதான். உங்கள் மாக்ரோ அவர்கள் வரிசையை மறைத்துவிட்டது, ஆனால் அடியில் இருக்கும் சாதாரணக் கூட்டல், அதாவது ‘சம்’, மறைந்த வரிசையையும் சேர்த்தே கூட்டும். நீங்கள் கால்குலேட்டரில் கூட்டியது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும். வித்தியாசமாக வரும் தொகையை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது ஒருவரின் சம்பளமாகவோ இருவரின் சம்பளமாகவோ இருக்கும். அங்கே யாரோ கையெழுத்துப் போட வேண்டிய ஆள் மறைந்திருக்கிறார் என்று பொருள்.

இன்னொரு வகையும் உண்டு. ஆள் அந்த மாதம் வரவே இல்லை, சம்பளமும் இல்லை, ஆனால் தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தில் 300 வெள்ளி பாக்கி நிற்கிறது. அந்த வரிசையை மறைத்தால் அடுத்த மாதம் பிடித்தம் போட யாருக்கும் ஞாபகம் வராது, ஞாபகம் வரும்போது இரண்டு மாதத்தை ஒன்றாகப் பிடிப்பார்கள், அது இன்னும் கொடுமை.

ஆக, மறைக்கலாம் என்று சொல்ல மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்: வேலை நாள் 0 என்று தட்டியிருக்க வேண்டும், மொத்தச் சம்பளம் 0 ஆக இருக்க வேண்டும், பிடித்தமும் பாக்கியும் 0 ஆக இருக்க வேண்டும். நிகரச் சம்பளம் 0 என்பதை மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் 400 வெள்ளி சம்பாதித்து 400 வெள்ளியும் பிடித்தத்தில் போனவருக்கும் நிகரம் 0 தான்.

இந்த மூன்று நிபந்தனையையும் மாக்ரோவுக்குள் எழுதலாம். எழுதாதீர்கள் என்பது என் கட்சி. மாக்ரோவுக்குள் எழுதினால் அதைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் ஆபீஸில் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் லீவில் போன மாதம் ஏன் ஒரு வரிசை மறைந்தது என்று யாருக்கும் தெரியாது. தீர்ப்பைத் தாளிலேயே, எல்லோரும் பார்க்கும்படி ஒரு தனிப் பத்தியில் வையுங்கள். நான் இசட் பத்தியை எடுத்துக்கொள்வேன். மறைக்கலாம் என்றால் 1, காட்ட வேண்டும் என்றால் 0. உங்கள் தாளில் ஆட்கள் 6ஆம் வரிசையில் தொடங்குகிறார்கள், எஃப் வேலை நாள், ஹெச் மொத்தச் சம்பளம், ஜே பிடித்தமும் பாக்கியும் என்று வைத்துக்கொள்வோம். இசட் 6இல் போட வேண்டிய சூத்திரத்தை நான் வாசித்துக் காட்டுவது போலத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் தட்டும்போது அதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

=இஃப்எரர்(இஃப்(எஃப்6="", 0, இஃப்(அண்ட்(எஃப்6=0, ஹெச்6=0, ஜே6=0), 1, 0)), 0)

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேலை நாள் காலியாக இருந்தால் உடனே 0, அதாவது காட்டு. காலி இல்லை என்றால் மூன்றும் சுழியா என்று பார்க்கும், சுழி என்றால் 1, இல்லையென்றால் 0. கணக்கில் எங்காவது பிழை வந்திருந்தால் வெளியே சுற்றியிருக்கும் இஃப்எரர் அதையும் 0 ஆக்கிவிடும், பிழை உள்ள வரிசையைத்தான் முதலில் கண்ணில் காட்ட வேண்டும். யாராவது வேலை நாள் கட்டத்தில் ‘எம்சி’ (மருத்துவ விடுப்பு) என்று எழுதிவிட்டாலும் அது 0 இல்லை என்பதால் வரிசை மறையாது. சந்தேகம் என்றால் காட்டு என்ற பக்கமே எல்லாம் சாய்ந்திருக்கிறது, அதைத்தான் நாம் விரும்புகிறோம்.

உங்கள் ‘டைப் மிஸ்மேட்ச்’ சிக்கலும் இதோடு தீர்ந்துவிடும். அது 13ஆம் எண் பிழை. எண்ணாக மாற்ற முடியாத எழுத்தை 0 உடன் ஒப்பிடச் சொன்னால் மாக்ரோ அப்படி நின்றுவிடும். ‘எம்சி’ ஒரு காரணம். வெற்றுபோலத் தெரியும் ஆனால் உள்ளே சூத்திரம் இருந்து எழுத்தே இல்லாத வெற்று உரையைத் ("") திருப்பித் தரும் கட்டம் இன்னொரு காரணம். வேறு பட்டியலில் தேடி எடுத்துவரும் ‘விலுக்கப்’ சூத்திரம் பெயரைக் கண்டுபிடிக்காமல் தரும் பிழைக் குறி மூன்றாவது. காணொளிகளில், பிழை இல்லாமலும் 0 ஆகவும் இருந்தால் என்று ‘அண்ட்’ போட்டு ஒரே வரியில் எழுதச் சொல்வார்கள். விபிஏவில் அது காப்பாற்றாது, முதல் பாதி பொய் என்று தெரிந்தாலும் இரண்டாம் பாதியையும் அது கணக்கிட்டுப் பார்க்கும், அங்கேயே விழும். மாக்ரோவுக்குள்தான் எழுதுவேன் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இஃப் போட வேண்டும், முதலில் பிழையா, அடுத்து வெற்றா, அடுத்து எண்ணா, கடைசியாகத்தான் 0ஆ. எண்ணா என்று கேட்கும் ‘இஸ்நியூமரிக்’ வெற்றுக் கட்டத்துக்கும் ஆம் என்றே சொல்லும், அதனால் வெற்றா என்ற சோதனையை விட்டுவிட முடியாது.

சரி, இப்போது மாக்ரோ. ஆல்ட்டும் எஃப் 11உம் அழுத்துங்கள், இன்சர்ட்டில் மாடியூல் ஒன்று போடுங்கள், தாளின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு ‘வித்’ பகுதி (ஒரே தாளுக்கான கட்டளைகளைச் சேர்த்து வைக்கும் பகுதி) திறந்து, அதற்குள் இவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் வரும் ‘டாட்’ என்பதை முற்றுப்புள்ளியாகத் தட்டுங்கள்:

டாட் செல்ஸ் டாட் என்டயர்ரோ டாட் ஹிட்டன் = ஃபால்ஸ்
கடைசி = டாட் செல்ஸ்(டாட் ரோஸ் டாட் கவுண்ட், 2) டாட் எண்ட்(எக்ஸ்எல்அப்) டாட் ரோ
ஃபார் ஐ = 6 டு கடைசி
இஃப் டாட் செல்ஸ்(ஐ, 26) டாட் வேல்யூ = 1 தென் டாட் ரோஸ்(ஐ) டாட் ஹிட்டன் = ட்ரூ
நெக்ஸ்ட் ஐ

‘கடைசி’ என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த ஆங்கில எழுத்துப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். 26 என்பது இசட் பத்தி. முதல் வரி எல்லா வரிசையையும் திறந்துவிடுகிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் போன மாதம் மறைந்தவர் இந்த மாதம் 26 நாள் வேலை செய்தும் மறைந்தே கிடப்பார். திறந்த பிறகுதான் கடைசி வரிசையைத் தேட வேண்டும், மறைந்த வரிசைகள் கீழே இருக்கும்போது தேடினால் தப்பான எண் வரக்கூடும். தேடுவதும் பெயர் இருக்கும் பி பத்தியில், வேலை நாள் பத்தியில் இல்லை, ஏனென்றால் பட்டியலின் கடைசி ஆளுக்கு இன்னும் கணக்கு வராமல் இருக்கலாம். தாளின் பெயரை ஏன் குறிப்பிடச் சொல்கிறேன் என்றால், குறிப்பிடாவிட்டால் அந்த நேரத்தில் எந்தத் தாள் திறந்திருக்கிறதோ அதில் போய் மாக்ரோ வேலை செய்யும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) தாளில் நின்றுகொண்டு அழுத்திவிட்டால் அங்கே வரிசைகள் போய்விடும்.

வேகத்துக்கு ஸ்கிரீன் அப்டேட்டிங்கை நிறுத்து, அதைச் செய் இதைச் செய் என்றெல்லாம் சொல்வார்கள். 214 வரிசைக்கு அது பெரிய விஷயம் இல்லை, போட்டாலும் நல்லது.

தமிழ்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எக்செல் கட்டத்தில் தமிழ் அழகாக வரும். ஆனால் மாக்ரோ எழுதும் எடிட்டர் யூனிகோடு தெரியாத பழைய எடிட்டர், அங்கே ‘மறை’ என்றோ ‘விடுமுறை’ என்றோ மேற்கோளுக்குள் தட்டினால் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அப்புறம் எந்தக் கட்டத்தோடும் ஒத்துப்போகாது, பிழையும் காட்டாது. இசட் பத்தியில் நான் சொல்லாக எழுதாமல் 1, 0 வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வேலைக் கும்பலின் பெயரைத் தமிழில் வைத்து அதன்படி வடிகட்ட வேண்டும் என்றால், அந்தப் பெயரைத் தாளின் மேலே ஒரு கட்டத்தில், சி2 என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுதிவிட்டு, மாக்ரோவை ‘சி2இல் இருப்பதோடு ஒப்பிடு’ என்று சொல்லுங்கள். அப்போது கட்டமும் கட்டமும்தான் ஒப்பிடப்படும், எடிட்டர் நடுவில் வராது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து எழுதும் வழியும் இருக்கிறது, சிஎச்ஆர்டபிள்யூ 2949 என்றால் ‘அ’, ஆனால் ஒரு கும்பல் பெயரை அப்படி எழுதி முடிப்பதற்குள் பெரட்டு முடிந்துவிடும்.

அடுத்தது, இதைத் தானாக ஓட வைப்பதா, பட்டன் வைப்பதா. கட்டத்தில் ஏதாவது மாறினதும் தானாக ஓடும் ‘ஒர்க்ஷீட் சேஞ்ச்’ என்ற நிகழ்வைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சம்பளத் தாளில் அதை வைக்காதீர்கள். 20 என்று தட்டப் போய் விரல் தவறி 0 தட்டி என்டர் அழுத்தினால், சம்பளம் சூத்திரத்தில் வருவதால் அதுவும் 0 ஆகி, வரிசை அந்தக் கணமே மறைந்துவிடும், தப்பு செய்தது உங்களுக்கே தெரியாது. கண்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்பலாம் என்றால் அதுவும் முடியாது, மாக்ரோ தாளில் ஏதாவது மாற்றிய உடனே பழையதைத் திரும்பப் பெறும் பட்டியல் அழிந்துபோகும். சூத்திரத்தின் விடை மட்டும் மாறும்போது ‘சேஞ்ச்’ நிகழ்வு ஓடவே ஓடாது என்பது வேறு, அதற்கு ‘கால்குலேட்’ என்று தனி நிகழ்வு இருக்கிறது. வரிசையை மறைப்பதே மறுகணக்கைத் தூண்டிவிடக்கூடும் என்பதால் அதற்குள் நிகழ்வுகளை நிறுத்திவைத்துத் திரும்பத் திறக்க வேண்டும், நடுவில் பிழை வந்தால் நிறுத்தினது நிறுத்தினபடியே கிடக்கும். இவ்வளவு தொல்லை எதற்கு? இரண்டு பட்டன் வையுங்கள், ‘அச்சுக்கு மறை’ ஒன்று, ‘எல்லாம் காட்டு’ ஒன்று. கணக்குத் தட்டும் வரைக்கும் எல்லா வரிசையும் திறந்தே இருக்கட்டும்.

சி2இல் கும்பலைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கும்பல் மட்டும் தெரிய வேண்டும் என்ற இடத்தில் ‘சேஞ்ச்’ பொருத்தமானது, அங்கே நீங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறீர்கள். மாறியது சி2தானா என்பதை ‘இன்டர்செக்ட்’ வைத்துச் சோதித்துவிட்டு ஓடவிடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இசட் பத்தி வந்துவிட்ட பிறகு வரிசையை ஒவ்வொன்றாக மறைக்கும் மாக்ரோவே தேவையில்லை. அந்தப் பத்தியில் ஒரு ஃபில்டர் போட்டு 1க்கு எதிரே உள்ள குறியை நீக்கிவிட்டால் அதே பலன். மாக்ரோ வேண்டுமென்றால் அந்த ஃபில்டரைப் போடும் ஒரே வரி மாக்ரோ எழுதலாம். நான் இப்போது எழுதிக் கொடுக்கும் எல்லாத் தாளிலும் இப்படித்தான் செய்கிறேன், காரணம் கண்ணில் தெரியும் அடையாளம். ஃபில்டர் போட்ட தாளில் வரிசை எண்கள் நீலமாக மாறும், தலைப்பில் சின்னப் புனல் குறி நிற்கும், பார்ப்பவருக்கு இங்கே ஏதோ மறைந்திருக்கிறது என்று உடனே தெரியும். மாக்ரோ மறைத்த வரிசைக்கு அப்படி ஒரு அடையாளமும் இல்லை, 47க்கு அடுத்து 49 என்று எண் தாண்டியிருப்பதை யார் கவனிப்பார்கள்? அதோடு, ஃபில்டர் போட்ட பகுதியை நகல் எடுத்து வேறு தாளில் ஒட்டினால் தெரிகிற வரிசைகள் மட்டும் போகும். மாக்ரோவாலோ கையாலோ மறைத்த வரிசைகள் அப்படி இல்லை, நகலோடு சேர்ந்து அவையும் போய் ஒட்டிக்கொள்ளும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ பட்டியலுக்கு நீங்கள் இங்கிருந்துதான் ஒட்டுகிறீர்கள் என்றால் இது முக்கியம். மாக்ரோ மறைப்பையே வைத்துக்கொள்வதாக இருந்தால், நகல் எடுக்கும் முன் ஆல்ட்டோடு அரைப்புள்ளியை அழுத்துங்கள், தெரியும் கட்டங்கள் மட்டும் தேர்வாகும்.

ஃபில்டருக்கும் ஒரு குறை உண்டு, மதிப்பு மாறினால் தானாகத் திருந்தாது, ‘ரீஅப்ளை’ அழுத்த வேண்டும். அதைத்தான் பட்டன் செய்யட்டும்.

மொத்தத்துக்கு வருகிறேன். ‘சப்டோட்டல்’ என்ற சூத்திரத்தில் முதல் எண் 9 என்று போட்டால் ஃபில்டரில் மறைந்ததை விட்டுவிடும், ஆனால் கையால் அல்லது மாக்ரோவால் மறைத்ததைச் சேர்த்துக்கொள்ளும். 109 என்று போட்டால் இரண்டையும் விட்டுவிடும். சம்பளத் தாளில் நான் இரண்டு மொத்தமும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், ஒன்று சாதாரண ‘சம்’, எல்லாரையும் சேர்த்தது, இன்னொன்று 109, கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரு காசு கூட மாறக்கூடாது. மாறினால் சம்பளம் உள்ள யாரோ மறைந்திருக்கிறார்கள், அச்செடுக்கக் கூடாது. அதற்கு மேலே தலையெண்ணிக்கை: மொத்தம் எத்தனை பேர், இசட்டில் 1 வாங்கியவர் எத்தனை, வேலை நாள் கட்டம் காலியாக இருப்பது எத்தனை, இதற்கு ‘கவுண்ட்இஃப்’பும் ‘கவுண்ட்பிளாங்க்’கும் போதும். தெரிகிற பெயர்களை எண்ண ‘சப்டோட்டல்’ 103. காலியாக இருப்பது 0 ஆகும் வரைக்கும் அச்சு இல்லை என்று ஆபீஸில் சொல்லி வையுங்கள். வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், 5ஆம் தேதி இரவு ஆகும்போது எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும், அந்த அவசரத்தில் கண் தவறவிடுவதை இந்த எண்கள் பிடித்துவிடும். காலிக் கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் வரும்படி கண்டிஷனல் ஃபார்மாட்டிங்கும் போட்டுவிடுங்கள்.

முதலாளி கணினியில் ஓடாததற்கு வருவோம். கோப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இணையம் வழியாக வந்த கோப்புகளில் மாக்ரோவைத் தானாகவே தடுத்துவிடுகிறது, முன்புபோல மேலே ஒரு பட்டனை அழுத்தித் திறந்துவிட முடியாது, சிவப்புப் பட்டை ஒன்று வரும். கோப்பை மூடிவிட்டு, அதன் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் போய், அடியில் ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தில் குறி போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். தெரிந்த ஆள் அனுப்பிய கோப்புக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள், மாக்ரோ வழியாகக் கணினியில் புகுந்து நாசம் செய்பவர்கள் நிறைய என்பதால்தான் இந்தத் தடையே வந்தது. அதில் சரியாகவில்லை என்றால் கோப்பின் வகையைப் பாருங்கள், சேமிக்கும்போது மாக்ரோ வைத்துக்கொள்ளாத சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேமித்திருந்தால் மாக்ரோ அப்போதே போய்விட்டது, எக்ஸ்எல்எஸ்எம் ஆக இருக்க வேண்டும். கைப்பேசியில் திறக்கிறார் என்றால் மாக்ரோ ஓடவே ஓடாது. ‘ஹிட்டன்’ என்ற சொல்லோடு 1004 என்ற பிழை வந்தால் தாளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், மாக்ரோ தொடக்கத்தில் பூட்டைத் திறந்து முடிவில் போட்டால் சரியாகும்.

முதலாளிக்கு எக்செல் கோப்பு எதற்கு என்றும் யோசியுங்கள். பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அதில் மறைந்த வரிசை வராது. எக்செல் கோப்பில் மறைந்த வரிசைகள் அப்படியே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் திறந்து ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் படித்துவிடலாம். போன வருடம் வேலையை விட்டுப் போனவர் விவரம்கூட அங்கேயே கிடக்கும். மறைத்தல் என்பது அச்சுக்கு மட்டும்தான், பாதுகாப்புக்கு இல்லை. ஆட்களின் விவரத்தைக் காப்பது நம் பொறுப்பு என்று 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

எல்லாம் போட்டு முடித்ததும் கோப்பை நகல் எடுத்து அதில் சோதித்துப் பாருங்கள். ஐந்து பேரை எடுங்கள். ஒருவருக்கு வேலை நாள் 0, மற்றதெல்லாம் 0. இன்னொருவருக்கு வேலை நாள் காலி. மூன்றாமவருக்கு வேலை நாள் 0, பேறுகாலச் சம்பளம் உண்டு. நான்காமவருக்கு வேலை நாள் கட்டத்தில் ‘எம்சி’. ஐந்தாமவருக்கு வேலை நாள் 0, சம்பளம் 0, முன்பணப் பாக்கி 300. பட்டனை அழுத்தினால் முதல் ஆள் மட்டும் மறைய வேண்டும், மற்ற நாலு பேரும் தாளில் நிற்க வேண்டும், காலி எண்ணிக்கை 1 என்று காட்ட வேண்டும், இரண்டு மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு மாதிரி வந்தால் இசட் பத்திச் சூத்திரத்தையும் வந்த விடையையும் இங்கே எழுதுங்கள், எந்த இடத்தில் பிசகு என்று பார்த்துச் சொல்கிறேன்.